காலே அரைக்கால்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் படிப்பில்தான் வந்து நிற்கிறது. அந்தக் காலத்து ஐந்தாம் வகுப்பு இந்தக் காலத்து பி.ஏ.வுக்குச் சமம் என்கிறீர்கள். மூளை இருந்தவன் மேலே வந்தான், இல்லாதவன் வயலுக்குப் போனான், அப்போது சிபாரிசு ஏது, சலுகை ஏது என்கிறீர்கள். போன மாதம் பென்ஷன் வாங்கப் போன இடத்தில் உங்களில் ஒருவர் என்னைச் சுட்டிக்காட்டி, "இந்த அம்மாவைப் பாருங்கள். பங்களாவில் ஆயா வேலை பார்த்தவளுடைய மகள். சொந்த மூளையால் முன்னுக்கு வந்தவர்" என்றார். எல்லோரும் தலையை ஆட்டினீர்கள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் உடம்பெல்லாம் எரிந்தது.

நான் மூளையால் முன்னுக்கு வரவில்லை. எப்படி வந்தேன் என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு அப்புறம் தலையை ஆட்டுங்கள்.

எனக்கு அப்போது பதினொரு வயது. வெள்ளைக்காரன் இருந்த காலம். அப்பா கொழும்புக்குப் போனவர் போனவர்தான். அம்மா குற்றாலத்தில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் ஆயா. சாரல் தொடங்கினால் துரையும் துரைசாணியும் பிள்ளைகளோடு வந்து மூன்று மாதம் தங்குவார்கள். அம்மாவுக்கு வெள்ளைச் சேலை, கஞ்சி போட்டுத் தேய்த்தது. அது மொடமொடவென்று சத்தம் போட அம்மா நடப்பது எனக்குப் பிடிக்கும். பங்களாவுக்குப் பின்னால் இருந்த ஒரு அறையில் நாங்கள் இருந்தோம். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நான் சமையலறை வாசலில் உட்கார்ந்து உள்ளே நடக்கும் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பேன். துரைசாணி பேசுவது எனக்குப் பாட்டு மாதிரி இருக்கும். அர்த்தம் பாதி தெரியும், பாதி தெரியாது. ஆனால் அந்த இழுப்பும் ஏற்ற இறக்கமும் அப்படியே என் வாயில் வந்துவிடும். ஆயாக்களும் பட்லரும் என்னைப் பேசச் சொல்லிக் கேட்டுச் சிரிப்பார்கள்.

பள்ளிக்கூடம் மேலகரத்தில். பெண் பிள்ளைகளுக்கு மட்டும். இரண்டே அறைகள், ஓட்டுக் கூரை. மேல்காற்று அடிக்கும் மாதங்களில் ஓட்டு இடுக்கு வழியாகச் சாரல் பூந்தூவலாக உள்ளே இறங்கும். சிலேட்டில் எழுதியது நாங்கள் அழிப்பதற்கு முன்னால் அதுவே அழியும். கோவை இலையைக் கசக்கிச் சிலேட்டில் தேய்த்தால் ஒரு பச்சை வாசனை வரும், சிலேட்டும் கருகருவென்று ஆகும். ஆளுக்கு ஒரு கை இலை மடியில் வைத்திருப்போம்.

என் பக்கத்தில் உட்கார்ந்தவளைச் சிநேகிதி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். அவள் பெயரைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவளுடைய அய்யா களத்தில் நெல் அளக்கிறவர். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். வீட்டில் ஒருவருக்கும் எழுத்து தெரியாது. ஆனால் அந்த வீட்டில் கணக்கு மட்டும் தண்ணீர் மாதிரி ஓடும். மரக்கால், படி, உழக்கு, அரைக்கால், மாகாணி என்று அந்தப் பெண் பேச ஆரம்பித்ததே களத்து மேட்டில்தான். வாய்க்கணக்குப் போட்டால் நாங்கள் குச்சியை எடுப்பதற்குள் அவள் உதட்டை இரண்டு தடவை அசைப்பாள், விடை வந்துவிடும். அதை என் காதில் சொல்லுவாள். நான் என் சிலேட்டில் எழுதுவேன். ஐந்தாம் வகுப்பில் நான் போட்ட கணக்குகளில் முக்கால்வாசி அவள் போட்டது.

அதற்குப் பதிலாக நான் அவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தேன். ஸ்பூன், சூப், கர்ட்டன். "சூப்பாம்ட்டி, சூப்பு!" என்று வாயைக் குவித்துக்கொண்டு அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

எங்கள் பெரிய டீச்சர் வெளியூர்க்காரர். சென்னைப் பக்கத்தில் போர்டிங்கில் வளர்ந்து, அங்கேயே படித்து, டிரெயினிங் முடித்து வந்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எங்களுக்குத் தலை வாரி விடுவார், சொறி வந்தால் மருந்து போடுவார். ஆனால் எங்கள் வாயிலிருந்து வரும் பேச்சு அவருக்கு ஆகாது. 'ஏட்டி' என்றால் பிரம்பு. 'அங்கன' என்றால் பிரம்பு. "அங்கே என்று பத்துத் தடவை சொல்லு" என்பார். எனக்கு அது கஷ்டமாக இல்லை. பங்களாவிலும் அப்படித்தானே, துரைசாணி முன்னால் ஒரு பேச்சு, அடுப்படியில் ஒரு பேச்சு. நாக்கை மாற்றிப் போட்டுக்கொள்ளப் பழகியிருந்தேன். சிநேகிதிக்கு அது வரவில்லை. அவளுக்கு இருந்தது ஒரே நாக்கு. அதை எடுத்தாலே அடி விழுகிறது என்று ஆன பிறகு அவள் வகுப்பில் வாய் திறப்பதையே விட்டுவிட்டாள். என் காதுக்குள் மட்டும் பேசினாள்.

ஒரு நாள் படப் பாடம். சுவரில் ஒரு பெரிய படத்தை மாட்டி, என்ன தெரிகிறது என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். முதல் படம் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக் கூடம். நான் சோபா, கர்ட்டன், பியானோ என்று மளமளவென்று ஒப்பித்தேன். டீச்சர் "குட்" என்றார். சிநேகிதி பேசாமல் நின்றாள். அடுத்த படம் வயல். பெண்கள் குனிந்து நாற்று நடுகிறார்கள், பக்கத்திலேயே அதே வயலில் கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. படம் போட்டவன் எந்த ஊர்க்காரனோ. அந்த வருஷம் முழுவதிலும் அன்றைக்குத்தான் அவள் தானாகக் கையைத் தூக்கினாள்.

"இது தப்பு டீச்சர். கதிர் வந்த வயல்ல யாராவது நடுவாவளா?"

டீச்சர் அவள் கையை நீட்டச் சொன்னார். அச்சடித்து வந்த படத்தைத் தப்பு என்று சொன்னதற்கு இரண்டு, 'நடுவாவளா' என்றதற்கு ஒன்று. உட்கார்ந்தபோது அவள் உள்ளங்கையை ஈரச் சிலேட்டின் மேல் வைத்துக்கொண்டாள். எனக்கு 'குட்' கிடைத்த நாள் அது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

அந்த ஆடி மாதம் இன்ஸ்பெக்ட்ரஸ் வரப்போவதாகத் தகவல் வந்தது. வெள்ளைக்கார அம்மா. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் போர்டிங் பள்ளிக்கூடம். அங்கே ஏழைப் பிள்ளை ஒருத்திக்கு இலவச இடம், சாப்பாடு, துணி, படிப்பு எல்லாம். எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரே ஒரு பிள்ளை. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா சோதித்துத் தேர்ந்தெடுப்பார். ஐந்தாம் வகுப்பில் இருந்த எட்டுப் பேரில் ஆறு பேர் வீட்டில் அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் நானும் சிநேகிதியும்.

அவளுடைய அம்மா அவளை அனுப்பச் சம்மதித்ததே பெரிய விஷயம். அந்த வீட்டில் அவள் செய்துகொண்டிருந்த வேலையை நான் பார்த்திருக்கிறேன். தம்பிகளைப் பார்க்க வேண்டும், தண்ணீர் எடுக்க வேண்டும், பள்ளிக்கூடம் விட்டதும் நடவு வயலுக்குக் கஞ்சி கொண்டுபோக வேண்டும். "எல்லாத்தையும் நான் பாத்துக்கிடுதேன், நீ போ ஏட்டி. வெயில்லயும் சேத்துலயும் கெடந்து சாக நான் ஒருத்தி போதும்" என்று அவள் அம்மா சொன்னதை அவளே என்னிடம் சொன்னாள்.

இன்ஸ்பெக்ட்ரஸ் வந்த அன்று நல்ல சாரல். வெயிலும் அடிக்கிறது, தூறலும் விழுகிறது. வில்வண்டியிலிருந்து இறங்கிய அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். மூக்கு நுனி சிவந்து, ஜலதோஷம் பிடித்து, கைக்குட்டையும் கையுமாக வந்தார். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. பெரிய டீச்சர்தான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மொழிபெயர்த்துச் சொன்னார். வாக்கியத்துக்கு ஒரு 'மேடம்' சேர்த்துக்கொண்டார். அவருடைய வேலையும் அந்த அம்மாவின் கையில்தான் இருந்தது.

சிநேகிதிதான் முதலில். மேஜைக்கு முன்னால் தரையில் ஒரு கூடை மணலும் ஒரு படியும் இருந்தன. மணலை அளந்து எத்தனை படி என்று எண்ணிச் சொல்ல வேண்டும். அவள் முகம் மலர்ந்துவிட்டது. மண்டி போட்டு உட்கார்ந்து, படியை மணலில் ஒரே குத்தாகக் குத்தி எடுத்து, விரலால் தலை வழித்து, அவளுடைய அய்யா பாடுகிற அதே ராகத்தில் எண்ண ஆரம்பித்தாள்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

உங்களில் களத்து மேடு பார்த்தவர்களுக்குத் தெரியும். நெல் அளக்கிறவர்கள் முதல் அளவை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம் என்றுதான் தொடங்குவார்கள். அளக்கிற இடத்தில் நல்ல சொல் முதலில் வர வேண்டும் என்பது வழக்கம். பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா என்ன என்று கேட்டார். டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஒன்று என்று சொல்லு. ஒன்று தெரியாதா உனக்கு?"

"அளக்கும்போது ஒண்ணுன்னு சொல்லக் கூடாது டீச்சர். எங்கய்யா வைவாவ."

டீச்சர் அதை மொழிபெயர்க்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போனார். இன்ஸ்பெக்ட்ரஸ் காகிதத்தைப் பார்த்து வாசிக்க, டீச்சர் தமிழில் சொன்னார். "ஒரு பெண்ணிடம் ஒரு படி அரிசி இருந்தது. அதில் பாதியைச் சமைத்தாள். மிச்சத்தில் கால் பங்கைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். மீதி எவ்வளவு?"

அவள் உதடு இரண்டு தடவை அசைந்தது.

"காலே அரைக்கால்."

டீச்சர் அவளையே பார்த்தார். "எட்டில் எத்தனை என்று சொல்லு."

"எட்டு எங்கன டீச்சர் வந்துது? ஒரு படிதானே?"

"எட்டில் எத்தனை பங்கு?"

சிநேகிதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு எட்டில் மூன்று என்கிற பேச்சு புரியவில்லை. காலும் அரைக்காலும் சேர்ந்தால் அதுதான் எட்டில் மூன்று என்று இன்றைக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட என்னால் கோடு போட்டுக் காட்டிவிட முடியும். அங்கே இருந்தவர்களில் ஒருவரும் அதைச் செய்யவில்லை. விடை சரி. முழுக்கச் சரி. அது அந்த அறையின் நடுவில் விழுந்து கிடந்தது, எடுக்க ஆள் இல்லை.

இன்ஸ்பெக்ட்ரஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஏதோ கேட்டார். பெரிய டீச்சர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஷீ இஸ் எ டல் கேர்ள், மேடம். மதர் இஸ் எ கூலி."

எனக்கு அது கேட்டது. டல் என்ற வார்த்தையும் தெரியும். தோட்டக்காரர் ரோஜாவைத் தப்பாக வெட்டினால் துரைசாணி அதைத்தான் சொல்லுவார். இன்ஸ்பெக்ட்ரஸ் காகிதத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதினார். என்னுடைய முறை வந்தது.

இங்கிலீஷ் ஏதாவது தெரியுமா, ஏதாவது சொல் பார்ப்போம் என்று அந்த அம்மா நேராக என்னிடமே கேட்டார். எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். துரைசாணியின் அதே இழுப்பு, அதே மூக்குப் பேச்சு.

"ஆயா! திஸ் சூப் இஸ் கொய்ட் கோல்ட். டேக் இட் அவே அட் ஒன்ஸ்!"

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா ஒரு கணம் திகைத்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வருகிற வரை. ஜலதோஷமெல்லாம் பறந்துவிட்டது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். என் கன்னத்தைத் தட்டினார். "பிரைட்" என்றார். "வெரி பிரைட்."

என்னிடம் கணக்கே கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. காதில் சொல்ல வேண்டியவள் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டிருந்தாள்.

என் அம்மா ஆறிய சூப்பை எடுத்துக்கொண்டு போகும்படி அதட்டப்பட்ட அதட்டல் அது. அதைச் சொல்லித்தான் நான் படித்தேன். இதைத்தான் நீங்கள் மூளை என்கிறீர்கள்.

சாயங்காலம் இரண்டு பேரும் வழக்கம்போலச் சேர்ந்து நடந்தோம். அருவியில் குளித்துவிட்டுத் திரும்புகிறவர்களின் வண்டிகள் எதிரே வந்துகொண்டிருந்தன. ஈரச் சேலைகள் வண்டிக் கூண்டில் பறந்தன. சாலை முழுக்க நல்லெண்ணெயும் சீயக்காயும் மணத்தது. ஒரு வண்டி கடந்து போகிற வரை அவள் ஓரமாக ஒதுங்கி நின்றாள். பிறகு கேட்டாள்.

"ஏட்டி, டீச்சர் என்னைப் பத்தி அந்தம்மாட்ட என்னமோ சொன்னாவளே. டல்லுன்னு. அப்படின்னா என்னட்டி?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் மனம் நோகும் என்று மறைத்தேன் என்று நான் இருபது வருஷம் எனக்கே கதை சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். உண்மையைச் சொன்னால் அவள் மறுநாளே டீச்சரிடம் போய், நான் சொன்னது சரிதானே என்று கேட்பாள். கேட்கக் கூடியவள்தான். கேட்டால் அந்த இடம் என்னைவிட்டுப் போய்விடுமோ என்று எனக்குப் பயம். பதினொரு வயதில் அவ்வளவு கணக்கு எனக்குத் தானாகவே வந்தது.

"அடக்கமான பிள்ளைன்னு அர்த்தம்" என்றேன்.

"நெசமாவாட்டி?"

"ஆமா. துரைசாணி நல்ல பிள்ளைகளை அப்படித்தான் சொல்லும்."

அவள் சிரித்தாள். வீடு வருகிற வரை அந்தச் சொல்லை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அவள் அதை வீட்டில் சொன்னாள். அவள் அம்மா நடவு வயலில் சொன்னாள். வெள்ளைக்காரம்மா முன்னால் எம் மவளை டல்லுன்னு சொன்னாவளாம் என்று. நடவுக்காரப் பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கஞ்சி கொண்டுபோகும்போது, "ஏ டல்லு, இங்கன வாட்டி" என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். பாளையங்கோட்டைக்குப் போகப்போகிற பிள்ளை என்று ஒருத்தி தன் பிள்ளையின் பாவாடையைக்கூடக் கொடுத்தாளாம். இதையெல்லாம் சிநேகிதி தினமும் என்னிடம் வந்து சொன்னாள். நான் கேட்டுக்கொண்டேன். நிறுத்தவில்லை.

ஆவணி பிறந்து சில நாட்களில் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் வந்தது, ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வதாக. யாரை என்று டீச்சர் இன்னும் வகுப்பில் சொல்லவில்லை. ஆனால் செய்தி எப்படியோ வயலுக்கு எட்டிவிட்டது. அன்று மத்தியானம் அவளுடைய அம்மா நேரே வயலிலிருந்து வந்தாள். முழங்கால் வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது. கையில் ஒரு ஓலைப்பெட்டி, அது நிறைய வெள்ளரிப் பிஞ்சு. வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள்.

"டீச்சரம்மா, கடுதாசி வந்துட்டாமே. எம் மவளை எப்பம் அனுப்பணும்? துணி ஏதும் எடுக்கணுமா?"

பெரிய டீச்சர் எழுந்து வந்தார். "உன் மகளா? உன் மகளை யார் எடுத்தார்கள்?"

"நீங்கதானே அந்த வெள்ளைக்காரம்மாட்ட சொன்னிய, இவளை டல்லுன்னு. எங்க வயக்காடு பூரா அதான் பேச்சு."

பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்த இரண்டாம் வகுப்பு டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு பொத்தாமல் சிரித்தார். பிள்ளைகள் எதற்கென்று தெரியாமலேயே கூடச் சிரித்தார்கள். அந்த அம்மாவும் ஏதோ சந்தோஷம் என்று நினைத்துச் சிரித்தாள். ஐயோ, அந்தச் சிரிப்பு.

"டல் என்றால் மந்தம். புத்தி மந்தம்" என்றார் பெரிய டீச்சர்.

அவள் ஓலைப்பெட்டியைக் கீழே வைத்தாள். முகத்தில் சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. "யாரு மந்தம்?" என்றாள். பிறகு மகளைப் பார்த்துக் கையை நீட்டினாள். "ஏட்டி, இங்கன வா. அன்னைக்கு அவுக என்ன கேட்டாவ? நீ என்ன சொன்ன?"

சிநேகிதி ஒரே மூச்சில் சொன்னாள். ஒரு படி அரிசி, பாதி சமையல், மிச்சத்தில் கால் பங்கு, காலே அரைக்கால்.

அந்த அம்மா விரலை மடக்கிப் பார்த்தாள். "அரைப்படி பொங்கியாச்சு. மிச்சம் அரைப்படி. அதுல கால் பங்குன்னா அரைக்கால். அது போனா காலே அரைக்கால். சரியாத்தானே சொல்லியிருக்கா?" டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள். "இதுல மந்தம் எங்க இருக்கு? உங்களுக்கு இந்தக் கணக்கு தெரியாதா, டீச்சரம்மா?"

டீச்சரின் முகம் அப்போது போன போக்கு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அன்று அதைக் கோபம் என்று நினைத்தேன். பிற்பாடு நானும் டீச்சராகி, கரும்பலகைக்கு முன்னால் நின்ற ஒரு நாளில்தான் புரிந்தது. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. நினைவு தெரிந்த நாளிலிருந்து போர்டிங்கில் வளர்ந்தவர். கணக்கு முழுவதையும் இங்கிலீஷில் படித்தவர். காலே அரைக்கால், மாகாணி, முந்திரி என்கிற பின்னக் கணக்கெல்லாம் அவர் காதில் சந்தைச் சத்தமாகத்தான் விழுந்திருக்கும். அவரிடமிருந்து அந்தப் பேச்சை யாரோ முன்னாலேயே பிரம்பால் அடித்து எடுத்துவிட்டார்கள். எனக்குத் தெரியவில்லை, மேடம் என்று ஒரு வார்த்தை அன்று சொல்லியிருந்தால் போதும். வெள்ளைக்கார அம்மா முன்னால் அதைச் சொல்ல அவருக்குத் தைரியமில்லை. தன்னுடைய தெரியாமையைத் தூக்கி ஒரு பிள்ளையின் தலையில் வைத்துவிட்டார். அவர்மேல் எனக்கு இரக்கம் வரத்தான் செய்கிறது. கோபம் அதைவிடப் பெரிதாக வருகிறது. சொல்லிக் கொடுக்கிறவரின் பயத்துக்குப் படிக்க வந்த பிள்ளையா விலை?

"அன்று அவள் இதைச் சொல்லவே இல்லை. பேந்தப் பேந்த விழித்தாள்" என்றார் டீச்சர். "இப்போது நீ சொல்லிக் கொடுத்து ஒப்பிக்கிறாள்."

"நான் சொன்னேன்!" என்று சிநேகிதி கத்தினாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. "இவ பக்கத்துலதான் நின்னா. இவட்ட கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவளுடைய அம்மா என் பக்கம் வந்து, சேற்றுக் கை என்மேல் பட்டுவிடாமல் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தாள். என்னிடம் அவள் கோபப்படவே இல்லை. கெஞ்சினாள்.

"நீ சொல்லு தாயி. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாத் திரியுத பிள்ளைய. அன்னைக்கு இவ காலே அரைக்கால்னு சொன்னாளா, இல்லையா?"

பெரிய டீச்சரும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை. அவரும் கெஞ்சினார் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

"எனக்குக் கேக்கலை" என்றேன். உடனே திருத்திக்கொண்டேன், டீச்சருக்குப் பிடித்த தமிழில். "எனக்குக் கேட்கவில்லை."

அவள் அம்மா நிமிர்ந்தாள். மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சிநேகிதி வாசல் தாண்டும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "அடக்கமான பிள்ளை, என்ன?" என்றாள். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. அவளைத் தேடி யாரும் போகவும் இல்லை. நடவு முடிந்து களை தொடங்கியிருந்தது, வயலில் ஆள் தேவைப்பட்டது. வெள்ளரிப் பிஞ்சைப் பெரிய டீச்சர் தொடவில்லை. மற்ற டீச்சர்கள் உப்பைத் தொட்டுக்கொண்டு தின்றார்கள்.

அன்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். துரைசாணியின் பெட்டியில் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தவில்லை.

"நமக்கு ஒண்ணு கெடைக்கிததே அபூர்வம். அதையும் நீயே கெடுத்துக்கிடாத. அந்தப் பிள்ளைக்கு அய்யா இருக்கு, அம்மை இருக்கு, கை நிறைய வேலை இருக்கு. உனக்கு யாரு இருக்கா?" பிறகு, பெட்டியை மூடிக்கொண்டே, "இனி இதைப் பத்தி என்ட்ட பேசாத" என்றாள்.

பேசவில்லை. அம்மா சாகிற வரை நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

பாளையங்கோட்டையில் எனக்குக் கிடைத்ததையும் சொல்லிவிடுகிறேன். அங்கே குமாஸ்தா வீட்டுப் பிள்ளைகள், வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள், பாதிரியார் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் வீட்டில் புத்தகம் இருந்தது, சாப்பிடும்போது அப்பாவோடு இங்கிலீஷில் பேசிப் பழகியிருந்தார்கள். என் வாயில் இருந்தது அதிகாரமும் அடுப்படியும் மட்டும். "கொண்டுவா, எடுத்துப்போ, கதவைச் சாத்து" என்பதற்கு மேல் ஒரு வாக்கியம் எனக்குச் சொந்தமாக வராது. ஒரு வாரத்தில் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், 'ஆயா இங்கிலீஷ்' என்று. கணக்கு வகுப்பில் காதில் சொல்ல ஆள் இல்லாமல் முதல் வருஷம் தோற்றேன். இலவச இடம் போய்விடும் என்று மிரட்டினார்கள். அழுது, காலில் விழுந்து, ராப்பகலாக உருப்போட்டுத்தான் தேறினேன். என்னைவிட மெதுவான குமாஸ்தா மகள் ஒருத்தி உருப்போடாமலேயே முதல் வரிசையில் இருந்தாள். ஏழைகள் என்று எங்களை ஒரே கூட்டமாக எழுதி வைக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்குள்ளேயே எத்தனை படிக்கட்டு இருந்தது என்று எழுதிய எவனுக்குத் தெரியும்? எனக்கு மேலே இருந்தவர்கள் என்னை மிதித்தார்கள். நான் மேலே ஏறும்போது கால் வைத்தது எதன்மேல் என்று எனக்குத் தெரியும்.

டிரெயினிங் முடித்து, அலைந்து திரிந்து, கடைசியில் மேலகரத்துக்கே மாற்றலாகி வந்தேன். யுத்தம் முடிந்த சமயம். பெரிய டீச்சர் எப்போதோ போய்விட்டார். பள்ளிக்கூடம் கொஞ்சம் பெரிதாகியிருந்தது, முதல் வகுப்பிலேயே இரண்டு பிரிவு. அ பிரிவு எனக்கு. ஆ பிரிவுக்கு பக்கத்து ஊரிலிருந்து நடந்து வருகிற ஒரு சின்ன வயது டீச்சர். இங்கிலீஷ் அவ்வளவாக வராது. பிள்ளைகளோடு சேர்ந்து அதுவும் 'அங்கன, இங்கன' என்றுதான் பேசும்.

பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள். நான்தான் பதிவேட்டை வைத்துக்கொண்டு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். வரிசையில் ஐந்து வயதுப் பெண் பிள்ளை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். எனக்கு உடனே தெரிந்தது. வெயிலில் கறுத்துப் போயிருந்தாள், கன்னம் ஒட்டியிருந்தது, ஆனால் கண் அதே கண். என்னைவிடப் பத்து வயது மூத்தவள் மாதிரி இருந்தாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். அவள் எழச் சொல்லவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

"பிள்ளையைச் சேக்கணும் டீச்சர்" என்றாள்.

டீச்சர். ஏட்டி இல்லை.

பெயர் கேட்டேன். சொன்னாள். அப்பா பெயர், தொழில், பிறந்த மாதம் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு எழுதினேன். எத்தனையோ வருஷமாக வைத்திருந்த மன்னிப்பை அப்போதே கேட்டிருக்கலாம். வரிசையில் பின்னால் ஆட்கள் நின்றார்கள், அதனால் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்ததெல்லாம் ஒன்றுதான். குரலைத் தணித்துக்கொண்டு, நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி, பழைய பேச்சில் சொன்னேன்.

"இவளை என் வகுப்புலயே வச்சுக்கிடுதேன். நானே பாத்துக்கிடுதேன். நீ ஒண்ணும் கவலைப்படாத."

அவள் என்னை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"வேண்டாம் டீச்சர்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். "அந்தச் சின்ன டீச்சர் வகுப்புல போடுங்க."

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அத்தனை பேர் முன்னாலும் சொல்லியிருப்பாள். 'ஆ' என்று எழுதி, மை ஒற்றினேன். அவள் குனிந்து பிள்ளையின் சட்டையை இழுத்து விட்டு, அது போக வேண்டிய அறையைக் கை நீட்டிக் காட்டினாள். பிள்ளை ஓடியது. அடுத்தவர் வரிசையில் முன்னால் வந்தார்.